பன்னிரண்டரை மணி சாப்பாடும் இரண்டே முக்கால் மணி சாப்பாடும்: வேலூர் வட்டார ஓட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓட்டல் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்களுக்கும், வாளி தூக்கும் சப்ளையர்களுக்கும் வணக்கம்.

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை இன்னும் ஒரே வட்டாரம்தான். அதனால் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

உங்கள் ஓட்டலைப் பற்றி இரண்டு பேர் பேசினால் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் "அந்தக் கடை சாப்பாடு அருமை" என்பார். இன்னொருவர் "வாயில் வைக்க முடியலை" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதல் ஆள் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தார், அடுத்தவர் இரண்டே முக்காலுக்கு உட்கார்ந்தார். இருவரும் கொடுத்த காசு ஒன்றுதான். இந்த ஊர் மாஸ்டர்களுக்குச் சமைக்கத் தெரியும், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இறக்கி வைத்ததிலிருந்து இலையில் விழும் வரை நடப்பதில்தான் சாப்பாடு கெடுகிறது. இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

சோற்றிலிருந்து தொடங்குகிறோம், இலையில் பாதி இடம் அதற்குத்தான். ஆரணி அரிசி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் வட்டாரம் இது, அரிசியில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. முழுச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ புழுங்கலரிசி ஆறேழு பேருக்கு வரும். நூறு பேரை எதிர்பார்த்தால் 15 கிலோ. அந்த 15 கிலோவையும் பதினொரு மணிக்கே வடித்து, ஒரே அண்டாவில் கொட்டி மூடிவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் சோறு நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகு மேலே இருக்கும் பாரமும் உள்ளுக்குள்ளேயே சுற்றும் ஆவியும் சேர்ந்து அடிச்சோற்றைக் குழைத்துவிடும். மேல்சோறோ, மூடியைத் திறந்து திறந்து மூடுவதில் காய்ந்து விறைத்துப்போகும். இரண்டரை மணிக்கு வருகிறவர் இலையில் பாதி களி, பாதி விறைத்த பருக்கை.

15 கிலோவை ஆறு, ஐந்து, நான்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் அண்டா பாதிக்கு வந்ததும் அடுத்த உலையை வையுங்கள். ஊறிய புழுங்கலரிசி கொதிக்கிற உலையில் அரை மணிக்குள் வெந்துவிடும், வடிய ஒரு பத்து நிமிடம். அடுப்பு கூடுதலாக எரியும் என்பீர்கள். 19 கிலோ சிலிண்டர் விலை எங்களுக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது நான்கு கிலோவைப் போடுவதா வேண்டாமா என்று ஒன்றரை மணிக்குக் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம். காலையிலேயே மொத்தத்தையும் வடித்துவிட்டவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் நாலு மணிக்கு மீந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மீந்த சோறு எங்கே போகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம், இது ருசியோடு நிற்கிற விஷயமில்லை. மதியச் சோற்றை அண்டாவிலேயே விட்டு, இரவு ஃப்ரைடு ரைஸுக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அரிசியோடு வரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைப்பதில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு வாணலியின் சூட்டுக்கும் அழியாது. நல்ல தீயில் பிரட்டிவிட்டோம், பயமில்லை என்று நினைப்பது இதனால்தான் தவறு. இரவுக்குச் சோறு வேண்டுமென்றால் வடித்தவுடனே தனியாக எடுத்து, அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, சூடு தணிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். அண்டாவோடு தூக்கி வைத்தால் நடுச்சோறு ஆறுவதற்கே ராத்திரி ஆகிவிடும்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு மலராது. மாஸ்டர் அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போடுவார். பருப்பு கரைந்துவிடும்தான், ஆனால் வழவழப்பும் ஒரு சோப்பு வாடையும் வந்து சேரும். சோறு வடித்தால் மஞ்சள் பாய்வதற்கும் இந்தத் தண்ணீரின் காரத்தன்மைதான் காரணம். உலையில் எலுமிச்சம்பழச் சாறு சில துளி விட்டால் வெண்மை திரும்பும். பருப்புக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள், அரை மணி நேரம் ஊறவிடுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு நன்றாக மசிந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பு முன்னால் விழுந்தால் பருப்பு அதற்குமேல் வேகாது.

இப்போது சாம்பார். உங்கள் மேல் எங்களுக்கு இருக்கும் வருத்தத்தில் பெரும்பங்கு இந்த வாளியில்தான் இருக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்பில் முப்பது பேருக்குத் தாராளமாகச் சாம்பார் வரும், கொஞ்சம் இழுத்தால் நாற்பது பேர். அறுபது பேருக்கு இழுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஒன்றரை மணிக்கு வாளி பாதியானதும் ஒரு குடம் வெந்நீர் விழும், அதன்மேல் ஒரு கை உப்பு, ஒரு கை மிளகாய்த்தூள். வெந்நீரில் கலந்த தூள் வேகாமல் பச்சையாகவே நாக்கில் உறைக்கும். புளி மட்டும் தூக்கலாக நிற்கும். பருப்பு கீழே, தண்ணீர் மேலே என்று பிரிந்துவிடும். இதை மறைக்க அரிசி மாவையோ மைதாவையோ கரைத்து ஊற்றினால், பார்க்கக் கெட்டியாக இருக்கும். சோற்றில் ஊற்றி இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ஆடை கட்டி, பசையாக இலையில் ஒட்டும். பருப்பில் கெட்டியான சாம்பார் ஆறினாலும் அப்படி ஒட்டாது. இந்த வித்தியாசத்தைச் சாப்பிடுகிற எல்லோருமே கண்டுபிடிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, அடுத்த முறை வராமல் இருந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். காலையில் வேகவைத்த பருப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாளிக்காமல் தனியாக எடுத்துச் சூட்டிலேயே வையுங்கள். காயும் புளித்தண்ணீரும் சாம்பார்ப் பொடியும் கொதித்த குழம்பிலும் அதே பங்கை ஒதுக்குங்கள். ஒன்றரை மணிக்கு இரண்டையும் சேர்த்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, புதிதாகக் கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மல்லித்தழையை அப்போதுதான் கிள்ளிப் போட வேண்டும். காலையில் போட்ட தழை மதியத்துக்குள் கறுத்துப்போகும். பரிமாறும்போது சப்ளையர் கரண்டியை வாளியின் அடிவரை விட்டு ஒரு முறை கலக்கிவிட்டு மொள்ள வேண்டும். மேலாக மொண்டு ஊற்றிக்கொண்டே போனால் முதல் வரிசைக்குத் தெளிவு, கடைசி வரிசைக்கு மண்டி.

ரசத்தைக் கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்பது எல்லா மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் இறக்கிய ரசத்தைச் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மறுபடி சிறு தீயில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் மிளகும் சீரகமும் கசந்துவிடும். வெந்நீர் நிறைத்த பெரிய பாத்திரத்துக்குள் ரசப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் சூடும் நிற்கும், கொதியும் வராது. நேரம் ஆக ஆக ருசி கூடுவது வத்தக்குழம்பு ஒன்றுதான். அதை மட்டும் காலையிலேயே செய்து வைக்கலாம்.

பொரியலுக்கு ஒரே வேண்டுகோள்: முட்டைக்கோஸைத் தவிர வேறு காய்களும் உலகத்தில் இருக்கின்றன. அப்பளம் பொரித்ததும் மூடியுள்ள டப்பாவுக்குப் போகட்டும், மேசைமேல் குவித்து வைத்தால் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

பிரியாணிக்கு வருகிறோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆம்பூரில் வண்டியை நிறுத்துவதே இதற்காகத்தான். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், கறி, எல்லாம் நன்கு வெந்த மசாலாவில் முக்கால் பதம் வடித்த அரிசியைச் சேர்த்து, மூடிமேல் கங்கு போட்டுத் தம் வைப்பது. அரிசியும் கறியும் எடைக்கு எடை. கிலோவுக்கு ஆறேழு பிளேட். இதில் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கு மூடி திறக்கும்போது எழும் மணத்துக்கு ஈடு எதுவும் கிடையாது, அதைப் பெருமையாகவே சொல்கிறோம்.

ஆனால் அந்தப் பிரியாணி அண்டா, அதாவது டேக்சா, இருபது கிலோ டேக்சாவாக இருந்து, சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து, ராத்திரி எட்டு மணி வரை அதிலேயே ஓட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சீரகச் சம்பா சின்ன அரிசி, நீரை வேகமாக இழுக்கும். மூடிய சூட்டில் கிடக்கக் கிடக்கப் பருக்கை ஊதி, நுனி வெடித்து, கிளறும்போது உடையும். எண்ணெயும் மசாலாவும் மெதுவாக அடிக்கு இறங்கும். ஓரத்துச் சோறு காய்ந்து டேக்சாவோடு ஒட்டும். கறியின் சாறு வற்றி நார் நாராகும். நாலு மணிக்குக் கேட்டவருக்கு வெளுத்த மேல்சோறு, ஏழு மணிக்குக் கேட்டவருக்கு எண்ணெய் சொட்டும் அடிச்சோறு.

எடுக்கும் முறை இதில் பாதி. சிலர் கரண்டியால் மேலிருந்து வழித்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் மேல்சோறு தீர்ந்த பிறகுதான் மசாலாவே தென்படும். கைதேர்ந்தவர்கள் ஒரு தட்டத்தை டேக்சாவின் ஓரத்தில் நெட்டுக்குத்தாக இறக்குவார்கள். அடிவரை கொண்டுபோய், உள்பக்கமாகச் சாய்த்து, ஒரே வீச்சில் தூக்குவார்கள். தட்டில் வெள்ளையும் சிவப்பும் அடுக்கடுக்காகத் தெரியும், ஒரு பருக்கை உடைந்திருக்காது. எடுத்த பள்ளத்தை அடுத்த சோறு தானாகச் சரிந்து நிரப்பும். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டே போவார்கள், நடுவில் கையே வைக்கமாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு இதை ஒரு வாரம் பக்கத்தில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுங்கள். அதற்குப் பிறகு டேக்சாவில் கைவைக்கட்டும்.

நேரத்துக்கு வழி: பெரிய டேக்சாவுக்குப் பதில் ஐந்து கிலோ டேக்சாக்கள். கறி மசாலாவை மட்டும் மொத்தமாகச் செய்து கொதிநிலையிலேயே வைத்திருக்கலாம், அது தாங்கும். அரிசிதான் தாங்காது. முதல் டேக்சா பாதி ஆனதும் ஊறிய சம்பாவை உலையில் போட்டால் ஏழெட்டு நிமிடத்தில் முக்கால் பதம் வரும். வடித்து, சூடான மசாலாவில் சேர்த்து, இருபது இருபத்தைந்து நிமிடம் தம். நாற்பது நிமிடத்தில் புது டேக்சா தயார். கடைசி டேக்சா தீர்ந்துவிட்டால் "தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வருத்தம் கிடையாது, நாளைக்கு முன்னாடியே வருவோம்.

கத்தரிக்காய் இல்லாமல் நம் ஊர் பிரியாணி முடியாது. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் மேல்தொப்பியிலும் முள் இருக்கும், கத்தி பட்டால் கைக்கும் கொஞ்சம் வேலை வைக்கும், ஆனால் சதை வெண்ணெயாகக் குழையும். பக்கத்தில் விளையும் இந்தக் காய் கிடைக்கிற நாளிலும் விதை முற்றிய ஏதோ ஒரு காயை எள்ளுப் புளிக்குழம்பில் போட்டு வைப்பது ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை. முற்றிய விதை கசக்கும், புளியைக் கூட்டினாலும் அந்தக் கசப்பு போகாது. காயை நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுக்கும். முதலில் எண்ணெயில் வதங்கட்டும், அதன் பிறகு புளித்தண்ணீர், எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பில் இருக்கட்டும். பச்சைப்புளி வாடையோடு வரும் கத்தரிக்காய், பிரியாணியையும் சேர்த்துக் கெடுக்கிறது.

சிவப்புப் பொடி வேண்டாம். பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் செயற்கை நிறம் சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. மிளகாயை ஊறவைத்து அரைத்தால் வரும் நிறமே போதும். விரலில் ஒட்டிக் கழுவினாலும் போகாத சிவப்பைப் பார்த்தாலே வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதில் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதை அளக்கக் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. கருவி இல்லாவிட்டாலும் அடையாளங்கள் உண்டு: வடை போட்டதும் எழும் நுரை அடங்காது, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகையும், நிறம் கறுக்கும், ஆறினால் கொழகொழக்கும். எங்கள் பக்கம் தெரிவது காறல் வாடையும் மேலண்ணத்தில் ஒட்டும் பிசுக்கும், மாலை வரை நெஞ்சுக்கரிப்பும். பழைய எண்ணெயில் புது எண்ணெயை மேலூற்றுவதுதான் பெரிய தப்பு. புதியதும் அந்த நாளிலேயே பழையதாகிவிடும். உதிர்ந்த மாவுத் துகளை ஒவ்வொரு ஈட்டுக்கும் வலைக்கரண்டியால் அள்ளுங்கள், கருகும் துகள்தான் எண்ணெயை முதலில் கெடுக்கிறது. கழித்த எண்ணெயைத் தள்ளுவண்டிக்கு விற்காதீர்கள். பயோ டீசலுக்கு வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள்.

டிபன் பக்கம் இட்லியும் சட்னியும்தான் பேச வேண்டியவை. நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும் என்ற கணக்கு சரியாகவே போகிறது, ஆட்டத்தைக் கெடுப்பது வேலூர் வெயில். மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், ராத்திரி பத்துக்கு ஆட்டிய மாவு விடியும் முன்பே பொங்கி இறங்கிவிடும். அதே மாவை மாலை வரை வெளியில் வைத்து ஊற்றினால் இட்லி தட்டையாக, புளித்த வாடையோடு வரும். புளிப்பை அடக்கச் சோடா போட்டால் மஞ்சள் தட்டும், சாப்பிட்டதும் தண்ணீர் தாகம் எடுக்கும். கோடையில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுங்கள். காலை மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மாலைக்குத் தனியாக ஆட்டுங்கள். வெந்த இட்லியை ஹாட்பாக்ஸில் அடுக்கினால் மூடியில் படியும் நீர் சொட்டி அடி இட்லி சொதசொதக்கும். ஒரு ஈடு தீரும்போது அடுத்த ஈட்டை வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், எங்களால் காத்திருக்க முடியும். தேங்காய்ச் சட்னி இந்த வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். இன்னொன்று, சட்னி அடுப்பைப் பார்க்காத பண்டம். அதில் ஊற்றும் தண்ணீர் நேரே எங்கள் வயிற்றுக்குத்தான் வருகிறது. கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

இனி சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தனியாக. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி, மூன்று வேளையும் உங்கள் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். ஊர் தெரியாத இடத்தில், நோயோடும் நோயாளியோடும் இருப்பவர்கள். அவர்களுக்குப் பரிமாறும் சோறு எங்கள் ஊரின் பேரில் பரிமாறும் சோறு. வங்காளியில் பெயர்ப்பலகை எழுதி வைத்திருக்கிறீர்கள், நல்லது. புளியும் காரமும் பழகாத வயிற்றுக்கு என்ன இருக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.

அதற்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை. சாம்பாருக்கு வேகவைத்த பருப்பில் இரண்டு கிலோவுக்கு உரியதைப் புளியும் பொடியும் போடுமுன் எடுத்து, தளர்வாகக் கரைத்து, மஞ்சள், உப்பு, தாளித்த சீரகம். அவ்வளவுதான். அதோடு வடித்த சோறு, எண்ணெய் அதிகமில்லாமல் வேகவைத்த ஒரு காய், ஒரு முட்டை அல்லது மிளகாய் போடாத மீன். நொய்யரிசியை எட்டுப் பத்துப் பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்த கஞ்சி காலை முதல் ராத்திரி வரை கிடைக்கட்டும். உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எதில் உப்பு இல்லை என்று சப்ளையருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இட்லி ஒண்ணும் பண்ணாது, சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இட்லி மாவில் உப்பு இருக்கிறது. கலந்து வைத்த தயிர்ச் சாதத்திலும் இருக்கிறது. வெறும் சோறு, உப்புப் போடாத தயிர், உப்பில்லாமல் தனியே எடுத்த பருப்பு: இந்த மூன்றையும் கேட்டால் கொடுக்கலாம் என்பதை அடுப்படியில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பார்சலில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். வார்டுக்கு வெளியே காத்திருப்பவர் வாங்கிய பொட்டலத்தை எப்போது பிரிப்பார் என்று அவருக்கே தெரியாது. டோக்கன் அழைப்பு வந்தால் எழுந்து போவார், திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகலாம். பொட்டலத்தின் மேல் கட்டிய நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள். சூடான இட்லிக்கு ஒட்டினாற்போல் சட்னிப் பையை வைத்தால் சட்னி சீக்கிரம் ஊசிவிடும், தனியாகக் கட்டுங்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவதை விட்டுவிடுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தூக்கு கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள், எல்லோரும் தூக்கு கொண்டுவருவார்கள். வாழையிலையைத் தணலில் வாட்டி உள்ளே வைத்தால் மடிக்கும்போது கிழியாது, சோறும் ஒட்டாது. இலைபோல் அச்சடித்த பிளாஸ்டிக் தாளில் சுடுசோறு போடுவதை எந்த மேசையிலும் நாங்கள் பார்க்க விரும்பவில்லை.

மேசை துடைக்கும் துணி. ஒரே ஈரத்துணி காலை ஏழு மணி முதல் எல்லா மேசைமேலும் போய் வருகிறது, அதே துணியில் சப்ளையர் கையையும் துடைக்கிறார். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மணிக்கொரு முறை துணி மாறட்டும்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் 2022 ஜனவரி முதல் கட்டாயம். பல பில்களில் இன்னும் காணோம். சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) வரி கட்டுகிறவர்கள் அதை எங்களிடம் தனியாக வசூலிக்க முடியாது, ஆனாலும் சில இடங்களில் வசூலாகிறது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதை அவர் கையில் நாங்களே கொடுக்கிறோம்.

மேலே எழுதியதில் பலவற்றுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்பது புரிகிறது. வாடகை ஏறியிருக்கிறது, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, தணலுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்பவரிடம் இன்னும் ஒன்று கேட்பது லேசான காரியமில்லை. அதனால் எல்லாவற்றையும் நாளைக்கே கேட்கவில்லை. முதலில் ஒன்றே ஒன்று: பரிமாறும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். சோறு, சாம்பார், பிரியாணி, சட்னி. நான்குக்கும் நேராக, கடைசியாக இறக்கிய நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுங்கள். மாஸ்டருக்கும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், வருகிற எங்களுக்கும் தெரியும். சிஎம்சி பக்கத்துக் கடைகள் அதோடு தனிப்பருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்குக்கு, குறை இருந்தால் எழுந்துபோய் ஊரெல்லாம் சொல்லாமல், இலையில் சோறு இருக்கும்போதே சப்ளையரைக் கூப்பிட்டுச் சொல்கிறோம். அப்போது கல்லாவில் இருப்பவர் எழுந்து வந்து, அந்த வாளியிலிருந்தே ஒரு கரண்டி மொண்டு வாயில் விட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஓட்டல்களில் அன்றாடம் சாப்பிடும் வாடிக்கையாளர்கள்